வீட்டில் உளுந்து கெடாமல் வைப்பது எப்படி?

காவிரிப் பாசனப் பகுதிகளில் சம்பா, தாளடி அறுவடைக்குச் சில நாட்கள் முன்னதாக, நெற்பயிருக்குள்ளேயே உளுந்தும் பச்சைப் பயறும் தெளிப்பது வழக்கம். மண்ணில் மிஞ்சிய ஈரத்தையும் பனியையும் கொண்டே இவை விளைந்து, பங்குனி, சித்திரையில் வீடு வந்து சேருகின்றன. ஆண்டு முழுதும் இட்லிக்கு அரைக்க வேண்டிய உளுந்தும், அடுத்த பட்டத்திற்கான விதையும் இதிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஆனால் ஆடி மாதத்தில் டின்னைத் திறந்து பார்த்தால் பயறெல்லாம் ஓட்டையாகி, மாவு கொட்டிக் கிடப்பதைப் பல வீடுகளில் காணலாம். வீட்டில் சில பழக்கங்களை ஒழுங்காகக் கைக்கொண்டால் இந்த நட்டத்தைத் தவிர்க்கலாம்.

வண்டு எங்கிருந்து வருகிறது?

பயறு வண்டு வயலிலேயே முற்றிய நெற்றின் மீது முட்டையிடுகிறது. அந்த முட்டையோடும் புழுவோடும்தான் பயறு களத்திற்கு வருகிறது. பயறின் மேல் வெள்ளைப் புள்ளிகள் ஒட்டியிருந்தால் அவை முட்டைகளே. முட்டையிலிருந்து வெளிவரும் புழு நேராகப் பயறுக்குள் துளைத்துச் சென்று, உள்ளிருந்தே தின்று வளரும். வெயில் காலத்தில் சுமார் ஒரு மாதத்தில் வண்டாகி வெளியேறும். ஒரு பெண் வண்டு 80 முட்டை இட்டு, அவற்றில் பாதி பெண்ணாகப் பிழைத்தால், அடுத்த தலைமுறையில் 3,200 முட்டைகளாகும். ஆகவே பயறு வீட்டிற்கு வந்த முதல் மாதத்தில் எடுக்கும் கவனமே ஆண்டு முழுதும் காக்கும்.

காய்ச்சல் போதுமா?

பயறில் ஈரம் 10 சதத்திற்கு மேற்படாதிருப்பது நல்லது. பல்லில் கடித்தால் 'கடக்' என்று உடைய வேண்டும், நசுங்கக் கூடாது. இன்னொரு சோதனையும் உண்டு. ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு பயறும், ஒரு கரண்டி உலர்ந்த தூள் உப்பும் போட்டு மூடி, நன்றாகக் குலுக்கிக் கால் மணி நேரம் வைக்க வேண்டும். உப்பு பாட்டிலின் சுவரில் ஒட்டினால் ஈரம் 15 சதத்திற்கும் மேல் உள்ளது என்று பொருள். ஒட்டாவிட்டாலும் மேலும் ஓரிரு நாள் வெயில் கொடுப்பது பயறுக்கு நல்லது.

சாப்பாட்டுக்கு வைக்கும் பயறைக் கறுப்புப் பாலிதீன் விரிப்பில் மெல்லியதாகப் பரப்பி, மேலே கண்ணாடி போன்ற பாலிதீன் தாளால் மூடி, ஓரங்களில் கல் வைத்து, உச்சி வெயிலில் இரண்டு மூன்று மணி நேரம் விடலாம். உள்ளே சூடு 60 டிகிரி சென்டிகிரேடை எட்டினால் முட்டையும் புழுவும் மடிந்துவிடும். விதைக்கு இம்முறை வேண்டாம். எந்தப் பயறையும் ஆறிய பிறகே டின்னில் கொட்ட வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துப் பூசணம் பிடிக்கும்.

இடமும் பாத்திரமும்

பழைய பயறையும் புதியதையும் ஒருபோதும் கலக்கக் கூடாது. டின், பானை, குதிர் எதுவானாலும் காலி செய்து, இடுக்குகளைத் துடைத்து, வெயிலில் காயவைத்த பின்பே நிரப்ப வேண்டும். பழைய சாக்கைக் கொதிநீரில் முக்கிக் காயவைத்துப் பயன்படுத்தலாம். மூட்டையைத் தரையில் போடாமல் பலகை மேல், சுவரிலிருந்து ஓரடி தள்ளி அடுக்கினால் ஈரம் ஏறாது. எலி நடமாட்டமும் கண்ணில் படும். ஒவ்வொரு டின்னின் மேலும் நிரப்பிய மாதத்தைச் சுண்ணக்கட்டியால் எழுதி வைத்து, முன்னால் வந்ததை முன்னால் செலவழிக்க வேண்டும்.

இறுக மூடும் டின்னை விளிம்பு வரை நிரப்பினால் உள்ளே காற்று குறைந்து வண்டு பெருகாது. தினமும் திறந்து எடுப்பதற்குச் சிறு டப்பா தனியாக இருக்கட்டும். கிலோவுக்கு 10 மில்லி நல்லெண்ணெய் அல்லது கடலெண்ணெய் விட்டுப் பயறு முழுதும் படும்படி பிசறி வைத்தால், முட்டை மூச்சடைத்துப் பொரியாது போகும். விதைக்கு இதே அளவில் வேப்பெண்ணெய் சிறந்தது. வண்டு முழுப் பயறையே நாடுவதால், ஒரு பகுதியை உடைத்துப் பருப்பாக வைப்பதும் நல்ல வழியே.

வாரம் ஒரு நாள் குறித்துக்கொண்டு டின்னுக்குள் கையை விட்டுப் பார்க்க வேண்டும். உள்ளே சூடு தெரிந்தாலோ, கையில் மாவு ஒட்டினாலோ, அன்றே வெளியே கொட்டிப் புடைத்துக் காயவைக்க வேண்டும்.

வீட்டுக்குள் நஞ்சு வேண்டாம்

வண்டைக் கண்டதும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைத் தேடி ஓடுவோர் உண்டு. காற்றிலுள்ள ஈரம் பட்டதும் இம்மாத்திரை பாஸ்பீன் என்னும் கொடிய வாயுவை விடுகிறது. மூட்டை இருக்கும் அறையிலிருந்து கதவிடுக்கு வழியாகப் படுக்கும் அறைக்கு அது வந்துவிடும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. சட்டப்படியும் இதை வீடுகளில் தனியார் கையாளக் கூடாது. அனுமதி பெற்றவர்களே வல்லுநர் மேற்பார்வையில் பயன்படுத்தலாம். ஒரு காலத்தில் தூவிய பி.எச்.சி. தூள் 1997-லும், குடுவையாக உடைத்துப் போட்ட ஈ.டி.பி. 2001-லும் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டன. பரணில் பழைய பொட்டலம் ஏதேனும் கிடந்தால் அதைத் தொடாமல் வேளாண் அலுவலரின் யோசனையைக் கேட்பதே முறை. மருந்து கலந்த விதையை அடுப்படிப் பக்கமே வைக்கக் கூடாது.

ஒரு மூட்டை உளுந்துக்காக வீட்டிலுள்ளவர்களின் உயிரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. நல்ல காய்ச்சல், சுத்தமான டின், வாரம் ஒரு பார்வை ஆகிய மூன்றும் இருந்தால், அடுத்த தை மாதம் விதைக்கும் சொந்த உளுந்தையே எடுக்கலாம்.