எழுதியது தொலையாமல் அனுப்புவது எப்படி?

வந்தாறுமூலையில் கெம்பஸ் பிள்ளைகளுக்கும் உயர்தரம் எழுதிய பிள்ளைகளுக்கும் இணையத்தில் நீளமாக எழுதி அனுப்பும் வேலை ஓயாது. மூடில் கற்றல் தளத்தில் ஒப்படை, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு அனுமதி விண்ணப்பம், புலமைப்பரிசிலுக்கு ஒரு பக்கக் கடிதம். எழுதி முடிக்கும் நேரம் பார்த்துக் கரண்ட் போகும், டேட்டா தீரும், பக்கம் வெறுமையாகத் திறக்கும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாடு இலங்கை. 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுவதும் ஒரே நேரத்தில் மின்சாரம் நின்றது. ஆகவே கரண்ட் போகும் என்று வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்க வேண்டும்.

முதல் வேலை, படிவத்தைத் திறந்து கேள்விகளை மட்டும் பார்த்துக் குறித்துக்கொள்வது. பதிலை அங்கே எழுத வேண்டாம், தனிக் குறிப்பில் எழுதுங்கள். போனில் கூகுள் கீப், கொம்பியூட்டரில் வேர்ட் அல்லது நோட்பேட், எதுவானாலும் சரி. இணையம் இல்லாமலும் இவற்றில் எழுதலாம். பாமினி எழுத்துருவில் தட்டெழுதிப் பழகியவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். அதை அப்படியே படிவத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் விழும். யுனிகோடில் எழுதுங்கள், அல்லது மாற்றிவிட்டு ஒட்டுங்கள்.

அடுத்தது பிரவுசர். கொம்பியூட்டரில் நீண்ட படிவங்களுக்கு என் தெரிவு பயர்பொக்ஸ். திறந்திருக்கும் பக்கங்களையும் சாதாரணப் பெட்டிகளில் தட்டெழுதியதையும் அது ஏறத்தாழ 15 வினாடிக்கு ஒருமுறை வட்டில் பதிந்து வைக்கும். கரண்ட் வந்ததும் மெனுவில் வரலாறு பகுதிக்குப் போய் முந்தைய அமர்வை மீட்கச் சொன்னால், பெரும்பாலும் எழுதியதோடு பக்கம் திரும்பி வரும். குரோமும் பக்கங்களைத் திறந்து தரும், ஆனால் பெட்டிக்குள் இருந்தது வரும் என்று நம்பி இருக்க வேண்டாம். சில தளங்கள் குரோமில் மட்டும் ஒழுங்காக ஓடும். அங்கே குரோமையே பாவியுங்கள், பதில்தான் ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறதே.

தடித்த எழுத்து, சாய்வெழுத்து பட்டன்கள் உள்ள பெரிய பெட்டி என்றால் கதை வேறு. அதில் எழுதுவதைப் பிரவுசர் பெரும்பாலும் பாதுகாக்காது, தளம்தான் பாதுகாக்க வேண்டும். மூடில் அதைச் செய்கிறது. வழக்கமான அமைப்பில் வினாவிடைப் பரீட்சையின் பதில்களை ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை தானாகவே சேமிக்கும். ஆனால் இணைப்பு அறுந்திருந்தால் அந்தச் சேமிப்பும் நடக்காது. திரையில் எச்சரிக்கை தெரிந்தால் எழுதுவதை நிறுத்தி, எழுதியதைக் கொப்பி பண்ணி வேறிடத்தில் போட்டுவிடுங்கள்.

எங்கள் பிள்ளைகள் அதிகம் இழப்பது போனில்தான். பாதிப் படிவத்தில் அடையாள அட்டையைப் படமெடுக்கக் கமராவைத் திறப்பார்கள், இடையில் வட்ஸ்அப்பையும் பார்ப்பார்கள். நினைவகம் குறைந்த போன், பின்னால் இருக்கும் பிரவுசரை மூடிவிடும். திரும்பி வந்தால் பக்கம் முதலிலிருந்து ஏறும். படங்கள், பெறுபேற்றுத் தாள், வங்கி இலக்கம் எல்லாவற்றையும் முன்கூட்டியே எடுத்து வைத்துவிட்டு, மற்றச் செயலிகளை மூடிவிட்டு உட்காருங்கள். பேஸ்புக்கில் வந்த படிவ இணைப்பை அதன் உள்ளேயே திறந்து நிரப்ப வேண்டாம். மூன்று புள்ளியைத் தொட்டு வெளிப் பிரவுசரில் திறவுங்கள். ஒபேரா மினி பிரவுசரின் கடும் சேமிப்பு முறை டேட்டாவை மிச்சம் பிடிக்கும், ஆனால் படிவங்களைக் குழப்பும்.

இப்போது ஒட்டும் நேரம். ஒட்டியதும் கடைசி வரியைப் பாருங்கள். எழுத்து வரம்பு உள்ள பெட்டி, மிஞ்சியதைச் சொல்லாமல் வெட்டிவிடும். தமிழுக்கு இந்த வெட்டு சீக்கிரம் விழும். ‘தமிழ்’ நமக்கு மூன்று எழுத்து. பல தளங்களோ ‘ி’ குறியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணி ஐந்து என்று கணக்கு வைக்கும். 500 எழுத்து என்றால் 300 எழுத்தளவில் எழுதிப் பாருங்கள்.

அனுப்பும் பட்டனை அழுத்தும் முன், படிவத்திலேயே திருத்திய பெட்டிகளை மீண்டும் கொப்பி பண்ணிக் குறிப்பில் போடுங்கள். கொப்பி பண்ணியது நிலைக்கும் என்று இருக்க வேண்டாம், கூகுள் விசைப்பலகை ஒரு மணித்தியாலத்தில் அதை அழித்துவிடும். நீண்ட நேரம் சும்மா விட்ட பக்கம் என்றால் தளம் உங்களை வெளியேற்றியிருக்கக்கூடும். மீண்டும் உள்நுழைந்து புதுப் பக்கம் எடுத்து ஒட்டுவதே பாதுகாப்பு.

அழுத்திய பிறகு ‘இணைப்பு இல்லை’ என்று வந்தால் ரீலோட் பண்ண வேண்டாம். இணைப்பு வந்ததும் பின்செல்லும் அம்பை ஒருமுறை அழுத்திப் பாருங்கள், எழுதியது அங்கே இருக்கக்கூடும். மறுபடி அனுப்பவா என்று பிரவுசர் கேட்டால், முதல் தடவை போய்ச் சேர்ந்ததா என்று கணக்கிலும் மின்னஞ்சலிலும் பார்த்துவிட்டுத்தான் சம்மதிக்க வேண்டும். பணம் கட்டும் பக்கத்தில் இது இன்னும் முக்கியம்.

கடைக் கொம்பியூட்டரில் நிரப்புகிறவர்கள் தனிப்பட்ட சாளரத்தைத் திறந்து வேலை செய்யுங்கள். எழுதியதை மீட்டுத் தரும் அதே வசதி, அடுத்து வந்து உட்காருபவருக்கு உங்கள் அடையாள அட்டை இலக்கத்தையும் காட்டிவிடும். அனுப்பியதும் வரும் ஒப்புகைப் பக்கத்தை அச்சிடும் கட்டளை மூலம் பிடிஎஃப் கோப்பாகச் சேமித்து, திகதியைப் பெயராக வைத்து, எழும்ப முன் உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிவிடுங்கள்.