16-ஆம் எண்ணில் பங்காளிச் சண்டை

தெப்ராவ் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலை. எடை மெஷினோடு இணைத்த லினக்ஸ் கணினியில் எடை தாமதமாக வர ஆரம்பித்தது. “அண்ணே, சீரியல் கார்டு போச்சு. புதுசு போட்டுடுங்க” என்றார் சூப்பர்வைசர். கார்டில் கை வைப்பதற்கு முன் நான் பார்ப்பது கெர்னல் லாக். ‘ஐஆர்க்யூ 16: நோபடி கேர்ட்’ என்று இருந்தது. கீழே, அந்த இன்டரப்ட் எண்ணையே முடக்கிவிட்டதாக இன்னொரு வரி.

அடுத்து ‘ப்ராக்’ அடைவில் இருக்கும் ‘இன்டரப்ட்ஸ்’ கோப்பு. 16-க்கு நேரே சீரியல் கார்டின் டிரைவரும் ஒரு யூஎஸ்பி கன்ட்ரோலரும் இருந்தன.

பழைய பிசிஐ-யில் ஒரு ஸ்லாட்டுக்கு 4 இன்டரப்ட் கம்பிகள்தான். பல சாதனங்கள் பகிர்ந்தே ஆக வேண்டும். கம்பியை இழுத்தது யார் என்று கெர்னலுக்குத் தெரியாது. அந்த எண்ணில் பதிந்த டிரைவர்களை வரிசையாகக் கூப்பிடும். ஒவ்வொன்றும் தன் சாதனத்தின் ஸ்டேட்டஸ் ரிஜிஸ்டரைப் படித்து, ‘என்னுடையது’, ‘இல்லை’ என்று சொல்ல வேண்டும். எல்லாருமே கைவிரித்தால், இழுத்த சாதனம் கம்பியை விடாதவரை இன்டரப்ட் வந்துகொண்டே இருக்கும். 1,00,000 தடவையில் 99,900-க்கு மேல் யாரும் ஏற்காவிட்டால் லினக்ஸ் அந்த எண்ணை மூடிவிடும். ஒரு பங்காளி வாங்கிய கடனுக்கு மொத்த வீடும் ஜப்தி! மூடிய பிறகும் வினாடிக்குச் சுமார் 10 தடவை எட்டிப் பார்க்கும். எடை அடியோடு நிற்காமல் தாமதமாக வந்தது அதனால்தான்.

கார்டை அடுத்த ஸ்லாட்டுக்கு மாற்றினேன். ஸ்லாட் மாறினால் கம்பியும் பெரும்பாலும் மாறும். எடை உடனே சீரானது. 16 மட்டும் லாக்கில் புலம்பியது. கார்டு மேல் பழியில்லை. யாரும் பயன்படுத்தாத அந்த யூஎஸ்பி-யை பயாஸில் அணைத்துவிட்டேன். லாக் சிபாரிசு செய்யும் ‘ஐஆர்க்யூபோல்’ என்ற பூட் ஆப்ஷனை ஆராய்வதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நிரந்தரமாக வைத்தால் கணினி மந்தமாகும்.

இதைவிடக் கொடுமை, பொய் சொல்லும் டிரைவர். பதில் தராத சாதனத்தைப் படித்தால் எல்லா பிட்டும் 1 என்றே வரும். அதை நம்பி டிரைவர் ‘என்னுடையது’ என்று சொல்லிவிட்டால், கெர்னலுக்குச் சந்தேகமே வராது. லாக்கில் ஒரு வரி இருக்காது, கணினி மட்டும் திணறும்.

எம்எஸ்ஐ வசதியுள்ள கார்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. கம்பிக்குப் பதில் ஒரு நினைவக முகவரிக்கு எழுதித் தன் இன்டரப்டைத் தனியாக அனுப்பும். வாங்கும்போது ‘பிசிஐ எக்ஸ்பிரஸ்’ என்ற பெயரை மட்டும் நம்பாதீர்கள். மலிவான சில சீரியல் கார்டுகளில் உள்ளே இருப்பது பழைய பிசிஐ சிப்பும் ஒரு பிரிட்ஜும்தான்.