ஆச்சியின் புதுச் செருப்பு

தாராவியில் விடியும் முன்பே இட்லிப் பானைகள் கொதிக்கும். ஆச்சி வீட்டிலும் அப்படித்தான். ஆச்சியின் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். மும்பைக்கு வந்து நாற்பது வருடம் ஆகிறது. இட்லிப் பாத்திரத்தைச் சுமந்துகொண்டு மாட்டுங்கா தெருக்களில் விற்பார். தினமும் நடைதான். காலில் ரப்பர் செருப்பு.

ஆச்சிக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை நோய் இருக்கிறது.

ஒரு நாள் மத்தியானம் ஆச்சி வீடு திரும்பினார். பேத்தி தரையைப் பார்த்தாள். வாசலிலிருந்து அடுப்படி வரை சிவப்புப் புள்ளிகள்.

"ஆச்சி, கால்ல ரத்தம்!"

"எனக்கு ஒண்ணும் வலிக்கலையே, தாயி."

செருப்பைத் திருப்பிப் பார்த்தார்கள். ஒரு சின்ன ஆணி செருப்பைத் துளைத்து மேலே நீட்டிக்கொண்டிருந்தது. மாட்டுங்காவிலிருந்து ஆச்சி அதன் மேலேயே நடந்து வந்திருக்கிறார்!

வலி வராததுதான் ஆபத்து. சர்க்கரை பல வருடம் கூடுதலாக இருந்தால் கால் நரம்புகள் கெடும். அப்போது முள் குத்தினாலும் தெரியாது. தார் ரோடு சுட்டாலும் தெரியாது. ரத்த ஓட்டமும் குறைந்தால் புண் ஆறாது. சீழ் பிடிக்கும். கவனிக்காமல் விட்டால் விரலை எடுக்க நேரும். சிலருக்குக் காலையே எடுக்க நேரும். நடந்து பிழைக்கும் ஆச்சிக்குக் கால் போனால் பிழைப்பும் போகும்.

அன்றே மகள் ஆச்சியைச் சயான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். டாக்டர் ஆச்சியைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டார். "தொடுவது தெரிகிறதா?" என்று கேட்டார். மூன்று இடத்தில் ஆச்சிக்குத் தெரியவில்லை.

புண் ஆற ஆறு வாரம் ஆனது. அதுவரை நடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். புண்ணோடு நடந்தால் எந்தச் செருப்பும் காப்பாற்றாது. மகன்தான் இட்லி விற்றான்.

தமிழ் தெரிந்த நர்ஸம்மா ஒருவர் இருந்தார். எப்படிச் செருப்பு வாங்க வேண்டும் என்று அவர் சொன்னார். ஆச்சி தன் இரவுப் பள்ளி நோட்டில் எழுதிக்கொண்டார். எழுத்து கோணல்தான். ஆனால் ஆச்சி எழுதியது:

"உள்ளே மெத்து. அடியில் கெட்டி. பின்னால் வார். ஆணி கூடாது."

செம்பூரில் ஒரு கடையில் இப்படிச் செருப்பு கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. விலையைக் கேட்டார் ஆச்சி. ஒரு வார இட்லி வியாபாரம்! பேசாமல் திரும்பிவிட்டார்.

தாராவியிலேயே தோல் வேலை செய்பவர்கள் எத்தனை பேர்! தோல் பைகளும் செருப்புகளும் இங்கிருந்து எங்கெங்கோ போகின்றன. வீட்டுக்குப் பக்கத்திலேயே செருப்புத் தைக்கும் அண்ணாச்சி ஒருவர் இருந்தார். ஆச்சி நோட்டை அவரிடம் படித்துக் காட்டினார். அவர் கறுப்பு ரப்பர் தகடு ஒன்றை எடுத்தார்.

"இது எம்.சி.ஆர். ரப்பர், ஆச்சி."

"எம்.ஜி.ஆரைத் தெரியும். இது யாரு எம்.சி.ஆர்.?"

அண்ணாச்சி சிரித்துவிட்டார். "உள்ளே பொடிப் பொடியாக் காத்து அறை இருக்கு. விரலால அமுக்கிப் பாருங்க. அமுங்கும். விட்டா எழும்பும். அமுங்கினது அப்படியே கிடந்தா அது உங்களுக்கு ஆகாது."

இந்த ரப்பருக்கும் தமிழ்நாட்டுக்கும் தொடர்பு உண்டு. பால் பிராண்ட் என்ற டாக்டர் 1914இல் கொல்லிமலையில் பிறந்தார். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வேலைக்கு வந்தார். தொழுநோயாளிகளின் கால் தானாக அழுகுவதில்லை என்று அவர் கண்டார். வலி தெரியாததால் அடிபட்டு, அடிபட்டுத்தான் கெடுகிறது. அதனால் அவர்களுக்கு மெத்தென்ற செருப்பு செய்தார்கள். வேலூரிலும் பக்கத்தில் கரிகிரியிலும் இந்த வேலை நடந்தது. வலி தெரியாத சர்க்கரை நோயாளிக்கும் அதே வழி உதவியது.

இதைக் கேட்டதும் மகள் தயங்கினாள்.

"அண்ணாச்சி, பாக்கறவங்க அம்மாவுக்குத் தொழுநோய்னு நினைக்க மாட்டாங்களா?"

பலர் இந்த வெட்கத்தால்தான் நல்ல செருப்பை மூலையில் போட்டுவிடுகிறார்கள். தொழுநோய் மருந்தால் குணமாகும் நோய். அதற்கு வெட்கப்படுவதே தவறு. ஆனாலும் அண்ணாச்சி கோபப்படவில்லை. "மேலே பழுப்புத் தோல் வச்சுத் தாரேன். எல்லாச் செருப்பும் போலத்தான் இருக்கும்" என்றார்.

சாயங்காலம் வரச் சொன்னார். பகலெல்லாம் நடந்தால் கால் சற்று வீங்கும். காலையில் அளவெடுத்தால் மாலையில் செருப்பு இறுக்கும். ஆச்சியைக் காகிதத்தின் மேல் நிற்க வைத்து இரண்டு காலையும் வரைந்தார். வலது கால் கொஞ்சம் பெரிது! இத்தனை வருடம் "ஆறாம் நம்பர்" என்று கேட்டே வாங்கிய ஆச்சிக்கு இது தெரியாது.

விரலுக்கு நடுவே வார் வைக்கவில்லை. அது உராய்ந்து புண்ணாக்கும். ஆணி அடிக்காமல் பசை ஒட்டித் தைத்தார். அடியில் முள் ஏறாத கெட்டி ரப்பர். விலை செம்பூர் கடை விலையில் பாதிதான். அதையும் ஆச்சி இரண்டு தவணையில் கொடுத்தார். மெத்து அமுங்கிப் போனால் உள் தகட்டை மட்டும் மாற்றலாம். புதுச் செருப்பு வாங்க வேண்டாம்.

முதல் நாள் ஒரு மணி நேரம் மட்டும் போட்டார். கழற்றிக் காலைப் பார்த்தார். சிவந்த இடம் இல்லை. பிறகு நேரத்தைக் கூட்டினார். இப்போது வீட்டுக்குள்ளும் வெறுங்காலில் நடப்பதில்லை. மழைக்காலத்தில் விரல் இடுக்கை ஈரம் போகத் துடைக்கிறார். செருப்பைப் போடும் முன் உள்ளே கையை விட்டுத் தடவுகிறார். இரவில் பேத்தி டார்ச் அடித்து உள்ளங்காலைப் பார்க்கிறாள்.

"என்ன தாயி, ஏதாச்சும் இருக்கா?"

"ஒண்ணும் இல்ல ஆச்சி. மஞ்சள் கறை மட்டும்தான்."

செய்து பாருங்கள்

சாயங்காலம் ஒரு காகிதத்தின் மேல் நில்லுங்கள். காலைச் சுற்றிப் பென்சிலால் வரையுங்கள். அதன் மேல் உங்கள் செருப்பை வையுங்கள். கோடு செருப்புக்கு வெளியே தெரிகிறதா? எந்த விரல் பக்கம்? எழுதுங்கள்.