குழாயில் நைட்ரேட்: கம்பெனி மீது வழக்குப் போடலாமா?

கேள்வி: சூளகிரி பக்கத்துக் கிராமம் எங்களுடையது. பஞ்சாயத்துக் குழாயில் வருவது போர் தண்ணீர். அதைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்ததில், நைட்ரேட் லிட்டருக்கு 88 மில்லிகிராம் என்று அறிக்கை வந்திருக்கிறது. மூன்று மாதக் குழந்தைக்கு இதைக் காய்ச்சித்தான் பால்பவுடர் கரைக்கிறோம். அருகிலுள்ள கம்பெனி மீது வழக்குப் போடலாமா?
- வாசகி, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: முதலில் அந்தத் தண்ணீரைக் குழந்தைக்குக் கொடுப்பதை நிறுத்துங்கள், அம்மா. காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். இந்தியத் தர நிர்ணயப்படி (ஐ.எஸ். 10500) உச்ச வரம்பு 45, அதற்கு மேல் தளர்வு கிடையாது. கைக்குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை நைட்ரேட் குறைத்துவிடும். உதடும் நகமும் நீலம் பாரித்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வக்கீலை அப்புறம் பார்க்கலாம்.

வழக்கைக் கம்பெனியிலிருந்து தொடங்க வேண்டாம் என்பேன். நைட்ரேட் ஆலைக் கழிவில் மட்டும் வருவதில்லை. யூரியா, தொழு உரம், பூசாத கக்கூஸ் குழி, உங்கள் பகுதியில் ரோஜாவுக்கும் கொத்தமல்லிக்கும் போடும் உரம், எல்லாம் நிலத்தடியில் இறங்கும். மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024 அறிக்கைப்படி, தமிழ்நாட்டில் சோதித்த மாதிரிகளில் 37 சதவீதத்துக்கு மேல் வரம்பைத் தாண்டியவை. அத்தனை ஊரிலும் சிப்காட் இல்லையே! எதிர்த்தரப்பு வக்கீல் முதல் வாய்தாவிலேயே இதைத்தான் எடுப்பார்.

நல்ல தண்ணீர் கேட்பதற்கோ, கெடுத்தது யார் என்று நிரூபிக்கத் தேவையில்லை. பாதுகாக்கப்பட்ட குடிநீர் தருவது 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி ஊராட்சியின் கடமை. மாசற்ற நீர் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 1991இல் சுபாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அறிக்கை நகலோடு ஊராட்சி, பி.டி.ஓ., கலெக்டர் மூவருக்கும் மனுக் கொடுங்கள். உடனடியாக லாரித் தண்ணீர், நிரந்தரமாக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் என்று கேளுங்கள். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். அசையவில்லையென்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட். பெண் என்பதாலேயே உங்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. வருமானம் பார்க்க மாட்டார்கள்.

கம்பெனி மீது சந்தேகம் இருந்தால் ஓசூர் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் தனியாகப் புகார் கொடுங்கள். நீங்களே பாட்டிலில் பிடித்த கழிவுநீர், 1974 தண்ணீர் சட்டத்தின் 21ஆவது பிரிவுப்படி எடுத்த மாதிரி ஆகாது. வாரிய அதிகாரி நோட்டீஸ் கொடுத்து, மாதிரியை இரண்டாகப் பிரித்து, சீல் வைத்து எடுக்க வேண்டும். அதற்குப் பிறகும் தீரவில்லையென்றால் சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாய அமர்வு. கர்நாடகமும் அதே அமர்வின் எல்லைக்குள்தான். எனவே மாசு ஓசூர் எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து வந்தாலும் அங்கேயே கேட்கலாம். மாசைத் தடுக்கக் கோரினால் ஆறு மாதம், இழப்பீட்டுக்கு ஐந்து ஆண்டு கெடு.

குடிநீர் மனுவில் மட்டும் கம்பெனியின் பெயரை எழுதாதீர்கள். எழுதினால், அதையே சாக்காக வைத்து ஊராட்சி உங்களை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போகச் சொல்லிவிடும்.