மழை மாதங்களில் ரோலர் எஞ்சின் சைக்கிள்: பெங்களூருக்கான பருவகால ஆலோசனை

உராய்வு ரோலரால் ஓடும் எஞ்சின் சைக்கிளுக்குப் பெங்களூரில் ஆண்டின் கடினமான காலம் இதுதான். செப்டம்பரும் அக்டோபரும் நகரத்துக்கு அதிக மழை தரும் மாதங்கள். பகலில் வெயில், மாலையில் இடியுடன் கொட்டும் மழை, இரவில் குளிர் என மூன்றும் ஒரே நாளில் வருகின்றன. புல்வெட்டும் இயந்திரத்தின் சிறிய டூ-ஸ்ட்ரோக் எஞ்சினைப் பின் சக்கரத்துக்கு மேல் பொருத்தி, அதன் தண்டில் உள்ள ரோலரை டயரில் அழுத்தி ஓட்டுவது இந்த அமைப்பு. பிரான்ஸில் 1946-இல் விற்பனைக்கு வந்த வேலோசோலெக்ஸ் இதே முறையை முன் சக்கரத்தில் கையாண்டது. இதில் சங்கிலியும் இல்லை, பெல்ட்டும் இல்லை. டயருக்கும் ரோலருக்கும் இடையிலான பிடிப்புதான் வண்டியை நகர்த்துகிறது. மழை முதலில் கெடுப்பதும் அதைத்தான்.

வண்டி இழுக்கவில்லை என்றதும் கார்பரேட்டர் திருகைத் திருப்புவது பலருக்கு வழக்கமாகிவிட்டது. மழைக்காலத்தில் அது பெரும்பாலும் தவறான இடம். ரோலர், பிளக், பெட்ரோல், காற்று வடிகட்டி என்ற வரிசையில் பார்த்துவிட்டு, நான்கிலும் குறை இல்லை என்று தெரிந்த பிறகே திருகைத் தொட வேண்டும். முதலில் திருகைத் திருப்பியவர்களுக்கு உண்மையான கோளாறு சரியான பிறகும் வண்டி ஓடாது; அப்போது கோளாறு ஒன்றுக்கு இரண்டு.

எஞ்சின் சத்தம் ஏறியும் வேகம் ஏறவில்லை என்றால் ரோலர் வழுக்குகிறது. டயரின் நடுப்பகுதியில் பளபளப்பான கோடு விழுந்திருந்தாலும், ரப்பர் கருகிய வாடை வந்தாலும் இதே காரணம்தான். ரோலரின் வரிகளில் அடைந்திருக்கும் செம்மண்ணைக் கம்பித் தூரிகையால் தேய்த்தெடுக்க வேண்டும். டயர் காற்றை அதன் பக்கவாட்டில் அச்சிட்ட அளவுக்கு நிரப்பிய பிறகே ரோலர் அழுத்தத்தைச் சரிசெய்ய வேண்டும். காற்று குறைந்த டயரில் வைத்த அழுத்தம், காற்று நிரம்பியதும் ரப்பரை அறுக்கும். ரோலர் டயரில் ஓரிரு மில்லிமீட்டர் பதிந்தால் போதும். கட்டை கட்டையாக வரி உள்ள டயரைவிட நடுவில் தொடர்ச்சியான பட்டை உள்ள டயர் ரோலருக்கு நன்றாகப் பொருந்தும். சுழலும் டயர் ரோலரை எட்டும் இடத்துக்குச் சற்று முன்னால், டயரை ஒட்டினாற்போல் ஒரு ரப்பர் தட்டு வைத்தால், சக்கரம் அள்ளிவரும் நீரும் சேறும் அங்கேயே வழிந்துவிடும். செலவு குறைந்த இந்த ஒரு மாற்றம் மழையில் பெரிதும் கைகொடுக்கும்.

ஓட்டும் முறையும் மாற வேண்டும். எஞ்சின் தண்டில் நேராகப் பொருத்திய 38 மில்லிமீட்டர் ரோலர், நிமிடத்துக்கு 6,000 சுற்றில் வழுக்காமல் ஓடினால் வேகம் மணிக்கு 43 கிலோமீட்டர் அளவுக்கு வரும். ஈரமான இரும்பு ரிம்மில் சைக்கிள் பிரேக் கட்டைகள் அந்த வேகத்தை அடக்க மாட்டா. மழையில் 20 கிலோமீட்டருக்குள் ஓட்டுவதே சரி. மிதித்துக் கிளம்பி, ஓட்டம் பிடித்த பிறகு ஆக்சிலேட்டரை மெதுவாகத் திருக வேண்டும். கொட்டும் மழையில் ரோலரைத் தூக்கிவிட்டுச் சாதாரண சைக்கிளாக மிதிப்பதுதான் டயருக்கும் நல்லது, ஆளுக்கும் நல்லது.

அடுத்தது பிளக். பலமுறை கயிறு இழுத்தும் ஸ்டார்ட் ஆகாத எஞ்சினில் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறி வரவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். உலர்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை. பொறி இல்லாதபோது காயிலை மாற்றும் முன், எஞ்சினை நிறுத்தும் சுவிட்சின் ஒயரைக் கழற்றிவிட்டுச் சோதிக்க வேண்டும். அதிர்வில் ஒயரின் உறை தேய்ந்து, ஈரத்தில் சட்டத்தோடு தொட்டுக்கொள்வது இந்த வண்டிகளில் அடிக்கடி வரும் கோளாறு. அதற்கு ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் போதும். பிளக் இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர். காயிலுக்கும் காந்தச் சக்கரத்துக்கும் இடையில் சுமார் 0.3 மில்லிமீட்டர், அதாவது ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு. காந்தத்தில் துரு பிடித்திருந்தால் உப்புத்தாளால் லேசாகத் தேய்க்கலாம்.

பெட்ரோல்தான் இந்தப் பருவத்தின் பெரிய சிக்கல். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலின் விற்பனை 2023 பிப்ரவரி 6 அன்று பெங்களூரில் நடந்த இந்திய எரிசக்தி வாரத்தில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. இப்போது பங்க்குகளில் கிடைக்கும் சாதாரண பெட்ரோல் பெரும்பாலும் அதுவே. எத்தனால் நீரை ஈர்க்கும். கொஞ்சம் நீரைக் கலந்தபடியே தாங்கிக்கொள்ளும்; அளவு மீறினால், அல்லது இரவில் குளிர்ந்தால், நீரும் எத்தனாலும் சேர்ந்து தனி அடுக்காக டேங்கின் அடியில் இறங்கிவிடும். நான்கு-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு அது தொல்லை, டூ-ஸ்ட்ரோக்குக்கு ஆபத்து. கலந்து ஊற்றிய 2டி ஆயில் பெரும்பாலும் மேலே பெட்ரோலோடு தங்கிவிடுகிறது. உறிஞ்சு குழாயோ அடியில் கிடக்கிறது. ஆயில் இல்லாத திரவத்தில் எஞ்சின் ஓடினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

சோதனை எளிது. டேங்க் அடியிலிருந்து சிறிது பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் எடுத்துப் பத்து நிமிடம் அசையாமல் வைக்க வேண்டும். கலங்கித் தெரிந்தாலோ, குறுக்கே கோடு தெரிந்தாலோ டேங்க் முழுவதையும் வடித்துவிட வேண்டும். குலுக்கிக் கலந்து பயன்படுத்துவது எஞ்சினுக்குச் செய்யும் கேடு. வடித்ததைச் சாக்கடையில் ஊற்றாமல், மூடிய கேனில் ஒர்க்‌ஷாப்பில் கொடுக்கலாம். இனி ஒரு வாரத்துக்குத் தேவையானதை மட்டும் கலந்து வைப்பது நல்லது. தயாரிப்பாளர் 25-க்கு 1 என்று சொல்லியிருந்தால் லிட்டருக்கு 40 மில்லி ஆயில், 50-க்கு 1 என்றால் 20 மில்லி. டேங்க் மூடியின் காற்றுத் துளை வழியாக மழைநீர் இறங்கும். நிறுத்தும்போது மூடிக்கு மேல் உறை போட வேண்டும். ஆனால் துளையை அடைக்கக் கூடாது. அடைத்தால் எஞ்சின் சிறிது தூரம் ஓடி நின்றுவிடும். எத்தனாலில் ஊறிய பழைய ரப்பர் குழாய் உப்பி இளகும், கார்பரேட்டரின் டயாஃப்ரம் விறைக்கும். இரண்டையும் மழைக்கு முன் மாற்றாதவர்கள் இப்போதாவது மாற்ற வேண்டும். எஸ்.பி. ரோட்டின் கருவிக் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். எஞ்சினையே புதிதாக வாங்குபவர்கள் சிசியைக் கவனிக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 2(28) பிரிவு, நான்குக்குக் குறைவான சக்கரமும் 25 சிசிக்கு மேற்படாத எஞ்சினும் உள்ள வண்டியை மோட்டார் வாகனத்தில் சேர்ப்பதில்லை. கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 43, 52 சிசி எஞ்சின்களுக்கு அந்த விலக்கு பொருந்தாது.

நனைந்த ஸ்பாஞ்ச் வடிகட்டி காற்றை அடைத்து எஞ்சினைத் திணறவைக்கும். சோப்பு நீரில் அலசி, நிழலில் காயவைத்து, துளி ஆயில் தடவி மாட்ட வேண்டும். வடிகட்டி இல்லாமல் ஓட்டுவது பிஸ்டனைத் தின்றுவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் பிளக் கறுத்து, புகை அதிகம் வந்தால் மட்டும் திருகுக்கு வரலாம். பெங்களூர் கடல் மட்டத்துக்கு மேல் 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. காற்றின் அடர்த்தி சென்னையைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. சென்னையில் அமைத்த கார்பரேட்டர் இங்கே பெட்ரோலைக் கூடுதலாகக் கொடுக்கும். கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பக் கூடாது. பிளக் இளம் பழுப்பாக வந்ததும் நிறுத்திவிட வேண்டும். வெளுத்தால் பெட்ரோல் போதவில்லை, எஞ்சின் சூடாகிறது.

தேங்கிய சுரங்கப்பாதையில் எந்த வண்டியையும் இறக்கக் கூடாது. 2023 மே 21 அன்று கே.ஆர். சர்க்கிள் சுரங்கப்பாதை வெள்ளத்தில் கார் சிக்கி ஒரு பெண் உயிரிழந்தார். எஞ்சின் நீரில் மூழ்கிவிட்டால் உடனே கயிற்றை இழுத்துப் பார்க்க வேண்டாம். பிளக்கைக் கழற்றி, துளை கீழே வருமாறு வண்டியைச் சாய்த்து, மெதுவாக இழுத்து நீரை வெளியேற்ற வேண்டும். டேங்கையும் கார்பரேட்டரையும் வடித்து, பிளக் துளையில் ஒரு தேக்கரண்டி 2டி ஆயில் விட்டுச் சில முறை இழுத்த பிறகே புதிய பெட்ரோலில் ஸ்டார்ட் செய்யலாம். கயிறு இறுகி நின்றால் பலம் காட்டாமல் அன்றைக்கே மெக்கானிக்கிடம் கொண்டுபோக வேண்டும். ஓரிரவு ஈரத்தில் கிடந்தாலே பேரிங்கில் துரு ஏறத் தொடங்கிவிடும்.