கணக்கில் பதினொன்று, கேரத்தில் ஐந்து

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது. தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு. ஐந்தாம் ஆண்டுக் கணக்கைச் சர்வசாதாரணமாகப் போடுகிறாள். ஆனால் கேரத்தில் தோற்றால் தரையில் புரண்டு அழுகிறாள். வகுப்பில் தோழிகளும் இல்லை. ஒரு வகுப்பு தாண்டிப் படிக்க வைக்கலாமா?
– ஒரு தாய், தைப்பிங்

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. கணக்கு ஓடுகிற வேகத்தில் மனசு வளராது. அவளுக்குக் கணக்கில் பதினொரு வயது, தோற்கும்போது ஐந்து. "இவ்வளவு கெட்டிக்காரி இப்படி அழலாமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். அழுது முடிக்கட்டும், பிறகு இன்னோர் ஆட்டம் போடுங்கள். வேண்டுமென்றே தோற்றுக்கொடுக்கவும் வேண்டாம், கண்டுபிடித்துவிடுவாள்!

கணக்கில் மூழ்கி மற்றப் பாடங்களைக் கைவிட்ட கணிதமேதை ராமானுஜன், உதவித்தொகை பறிபோனதும் 1905இல் வீட்டில் சொல்லாமல் கும்பகோணத்திலிருந்து விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். அப்போது வயது 17. தோல்வியை வீட்டிலேயே கேரம் பலகையில் பழகிக்கொள்வது எவ்வளவோ மேல்.

வகுப்பு தாண்டலாமா என்று கேட்டீர்கள். மூன்றாம் ஆண்டிலிருந்து நேரே ஐந்துக்குத் தாவ வைத்த பி.டி.எஸ். தேர்வு நம் மலேசியாவில் 1996இல் வந்தது, 2001இல் போய்விட்டது. இன்று பாங்கியில் யூ.கே.எம். பல்கலைக்கழகத்தின், மீத்திறன் மாணவர்களுக்கான ஜீனியஸ் பிந்தார் மையம் இருக்கிறது (பழைய பெயர் பெர்மாத்தா பிந்தார்). அதன் தகுதித் தேர்வு பற்றி வகுப்பாசிரியரிடம் விசாரியுங்கள்.

தோழிக்காக அந்தத் தேர்வு வரை காத்திருக்க வேண்டாம். வயது ஒத்துப்போக வேண்டியதில்லை, ஆர்வம் ஒத்துப்போனால் போதும். நான்காம், ஐந்தாம் ஆண்டில் சதுரங்கம் ஆடும் ஒருத்தியைத் தேடிப் பிடியுங்கள். ஞாயிற்றுக்கிழமை இருவரையும் ஏரிப் பூங்காவுக்குக் கூட்டிப்போய் விளையாட விடுங்கள். தைப்பிங் ஆயிற்றே, குடையை மறக்காதீர்கள்.