செவ்வகம்: ஒரு சொல்லாய்வு

கணக்கு வேறு, தமிழ் வேறு என்று எண்ணும் மாணவர் பலர். கணக்கின் கலைச்சொற்களும் மொழியின் விளைநிலத்தில் முளைத்தவையே என்பதை அவர்கள் கருதுவதில்லை. நான்கு பக்கங்களால் அடைபட்டு, நான்கு மூலைகளும் 90 பாகையாக அமைந்த வடிவத்தைச் ‘செவ்வகம்’ என்கிறோம். இச்சொல்லின் பொருளையும் வழக்கையும் ஈண்டு ஆராய்வோம்.

செவ்வகம் என்பது செம்மை + அகம் எனப் பிரியும் பண்புத்தொகை. ‘மை’ ஈறு கெட்டு, மகரமெய் வகரமெய்யாகத் திரிந்து, அவ்வொற்று இரட்டித்துச் செவ்வகம் ஆயிற்று. செவ்விளநீர் என்பதும் இவ்வாறு புணர்ந்ததே. செம்மை + கோணம் என்பதில் மகரமெய் ஙகரமெய்யாகத் திரிந்து செங்கோணம் ஆயிற்று.

இங்குச் ‘செம்மை’ என்பதன் பொருள் யாது? சிவப்பு என்று விடை கூறும் மாணவரும் உளர். செம்மைக்கு நிறப்பொருளும் உண்டு, நேர்மைப்பொருளும் உண்டு. செந்தாமரை, செவ்வானம் என்பவற்றில் நிறம். செங்குத்து, செங்கோல், செந்தமிழ் என்பவற்றில் நேர்மை, ஒழுங்கு. செங்கோலுக்கு எதிர்ச்சொல் கொடுங்கோல். அதாவது வளைந்த கோல். திருக்குறளில் 55 ஆம் அதிகாரம் செங்கோன்மை. அதனை அடுத்து 56 ஆம் அதிகாரம் கொடுங்கோன்மை. நேராக நிற்றலை அறத்திற்கும், வளைதலை அறம் பிறழ்தலுக்கும் அடையாளமாகக் கொண்டனர் நம் முன்னோர். செவ்வகத்திலும் செங்கோணத்திலும் உள்ள செம்மை அந்த நேர்மையே.

முன்னைய கணக்கு நூல்களில் இவ்வடிவம் ‘நீள்சதுரம்’ என வழங்கிற்று. இரு சொற்களும் ஒரே வடிவத்தைக் குறிப்பினும் நோக்கு வேறு. நீள்சதுரம் நீளத்தை நோக்கிய பெயர். செவ்வகம் மூலையை நோக்கிய பெயர். அரபு மொழியில் இதற்கு வழங்கும் ‘முஸ்ததீல்’ என்னும் சொல்லும் நீளம் என்னும் பொருள்தரும் வேரிலிருந்து பிறந்ததே. ஆங்கிலத்தின் ‘ரெக்டாங்கிள்’ என்பதோ நேரான கோணம் என்னும் பொருளுடைய இலத்தீன் சொற்களின் வழி வந்தது. செங்கோணத்தை அரபியில் ‘ஜாவியா காயிமா’, அதாவது நிற்கும் கோணம் என்பர். செங்குத்து என நாம் சொல்வதோடு இது எத்துணை ஒத்திருக்கிறது!

இந்நோக்கு வேறுபாட்டால் விளையும் பயன் ஒன்று உண்டு. ‘சதுரமும் செவ்வகமா?’ என்று வினவினால் மாணவர் தயங்குவர். நீள்சதுரம் என்னும் சொல்லைப் பற்றி நின்றால், ‘அன்று’ என்றே விடை கூறத் தோன்றும். சதுரத்தில் நீண்ட பக்கம் இல்லையன்றோ? செவ்வகம் என்னும் சொல்லைப் பற்றி நின்றால் ஐயம் இல்லை. நான்கு மூலையும் செங்கோணமாயின் அது செவ்வகமே. அவற்றுள் பக்கங்கள் நான்கும் சமமானது சதுரம். ஆகவே ஒவ்வொரு சதுரமும் செவ்வகம். ஒவ்வொரு செவ்வகமும் சதுரம் ஆகாது. பக்கங்கள் சமமாக இருந்தும் மூலைகள் செம்மையாக இல்லாதது சாய்சதுரம்.

இது ஏட்டுக் கல்வி மட்டுமன்று. மனை வாங்குவோர் பத்திரத்தில் சக்குபந்தியையும் நான்கு பக்க அளவுகளையும் பார்த்து மனநிறைவு கொள்கின்றனர். எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாயிருத்தல் இணைகரத்திற்கும் உரிய இயல்பு என்பதை மறந்துவிடுகின்றனர். 30 அடிக்கு 40 அடி கொண்ட மனை செவ்வகமாயின் அதன் பரப்பு 1200 சதுர அடி. அதே பக்க அளவுகளோடு மனை சாய்ந்து, ஒரு மூலை 60 பாகையாக இருப்பின், பரப்பு ஏறத்தாழ 1039 சதுர அடியே. பக்க அளவில் ஓரங்குலமும் குறையாமல் 161 சதுர அடி மறைந்துவிடுகிறது! சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளைக் கொடுத்து வாங்குவோர்க்கு இது சிறு இழப்பன்று.

இதனைக் கண்டறிய எளிய வழி உண்டு. மனையின் மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்து பார்த்தல் வேண்டும். மேற்சொன்ன மனை செவ்வகமாயின் இரண்டும் 50 அடியாக இருக்கும். சாய்ந்ததாயின் ஒன்று ஏறத்தாழ 61 அடியாகவும் மற்றொன்று 36 அடியாகவும் இருக்கும். நம் கொத்தனார் வானம் தோண்டுமுன் செய்வதும் இத்தகையதே. மூலையிலிருந்து நூல் கட்டி, ஒருபுறம் 3 அடியும் மறுபுறம் 4 அடியும் குறித்து, குறுக்களவு 5 அடி வருகிறதா என்று பார்ப்பார். சுவர் எழும்பும்போது மூலைமட்டம் வைத்துச் சரிபார்ப்பார். செங்கோணம் என்னும் சொல்லை அவர் வழங்காதிருக்கலாம். அதன் பொருளைக் கையால் அறிந்தவர் அவர்.

எனவே மாணவர்கள் கலைச்சொல்லை மனப்பாடம் செய்வதோடு நில்லாது, அதனைப் பிரித்துப் பொருள் காணப் பழகுதல் வேண்டும். செவ்வகத்தின் இலக்கணம் முழுவதும் அதன் பெயரிலேயே அடங்கியிருக்கிறது. பக்க அளவு எதுவாயினும் ஆகுக. மூலை செம்மையாக இருத்தல் வேண்டும் என்பதே அப்பெயர் நமக்குக் கற்பிக்கும் பாடம்.